குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னா, ஏற்காட்டுக் குரங்கு ஏன் இன்னும் குரங்காவே இருக்கு? பரிணாமம் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜலகண்டாபுரம், தாரமங்கலம், ஓமலூர் பக்கத்தில் இருந்து லீவுக்கு மலை ஏறும் குடும்பங்கள் ஏதாவது ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினால் போதும். தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் எட்டிப் பார்க்கும். குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒன்று, வாழைப்பழத் தோலை விரலால் உரித்தபடி இன்னொன்று. அப்போது பின் சீட்டில் இருந்து ஒரு கேள்வி வரும்: "நாம இதுல இருந்துதான் வந்தோமா? அப்போ இது ஏன் இன்னும் மனுஷனா மாறலை?"

பல வீடுகளில் இந்தக் கேள்விக்குச் சிரிப்புதான் பதில். சில வீடுகளில் "அதெல்லாம் சும்மா" என்பது பதில். ஆனால் இது நல்ல கேள்வி. நாடாளுமன்ற உறுப்பினர்கள், விஞ்ஞானிகள், பாடநூல் தயாரிப்பவர்கள் வரை இந்தியாவில் சண்டை போட்டுக்கொண்ட கேள்வியும் இதுதான். அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு அறிவியல் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மனிதன் குரங்கிலிருந்து வந்தானா?

நேரடியாகச் சொன்னால், இன்று நாம் பார்க்கும் எந்தக் குரங்கில் இருந்தும் மனிதன் வரவில்லை. மனிதனுக்கும் குரங்குக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது என்பதுதான் பரிணாம அறிவியல் சொல்வது.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால் இது பங்காளி உறவு. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே தாத்தாவின் பேரன்கள். பெரியப்பா மகனில் இருந்து சித்தப்பா மகன் பிறக்கவில்லை. இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர், அவ்வளவுதான். அந்தத் தாத்தா இந்த இருவரில் யாரைப் போலவும் அச்சு அசலாக இருந்திருக்க வேண்டியதும் இல்லை.

மனிதனுக்கு மிக நெருங்கிய பங்காளி சிம்பன்சி. இரண்டு வழிகளும் பிரிந்தது சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. ஏற்காட்டில் பார்க்கும் நாட்டுக்குரங்கு அதைவிடத் தூரத்து உறவு. அதன் வழியும் நம் வழியும் பிரிந்து சுமார் 2.5 கோடி முதல் 3 கோடி ஆண்டுகள் ஆகிறது. இன்னும் தூரத்து உறவு தேவாங்கு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குக்காகவே கடவூர் சரணாலயத்தைத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. அந்தச் சின்ன உயிரினமும் பிரைமேட் எனப்படும் நம் பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் வழி நம்மிடம் இருந்து பிரிந்து 6 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது.

குழப்பத்துக்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். வாலுள்ள நாட்டுக்குரங்கு, மந்தி, வாலில்லாத சிம்பன்சி, கொரில்லா எல்லாவற்றையும் பேச்சில் "குரங்கு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதனால் "குரங்கிலிருந்து மனிதன்" என்றதும் கண் முன் வருவது கோயில் மதில் சுவர் குரங்குதான்.

அப்போ குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கு?

இந்தக் கேள்விக்குள் ஒரு தப்பான படம் ஒளிந்திருக்கிறது. குனிந்து நடக்கும் குரங்கு, கொஞ்சம் நிமிர்ந்த குரங்கு மனிதன், கடைசியில் நேராக நடக்கும் மனிதன் என்று வரிசையாக வரைந்த படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் படம் பரிணாமத்தை ஏணி போலக் காட்டுகிறது. உண்மையில் அது கிளை விடும் மரம். ஏணியில்தான் கீழே இருப்பவன் மேலே ஏற வேண்டும். மரத்தில் ஒவ்வொரு கிளையும் தன் பக்கம் வளரும்.

மொழியை நினைத்தால் எளிதில் புரியும். தமிழும் மலையாளமும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிறகு பிரிந்தவை. "மலையாளம் வந்த பிறகும் தமிழ் ஏன் இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. பிரிந்த பிறகு இரண்டும் தனித்தனியாக மாறின.

குரங்கும் சும்மா இருக்கவில்லை. மரத்தில் தாவவும், கன்னப் பையில் உணவைச் சேர்க்கவும், கூட்டமாக வாழவும் ஏற்ற மாதிரி அதன் வழியில் அது மாறி வந்திருக்கிறது. மனிதனாவது அதன் இலக்கு இல்லை. பரிணாமத்துக்கு இலக்கு என்று ஒன்றே கிடையாது.

எல்லாம் தற்செயலா நடந்ததா?

இல்லை. தற்செயல் பாதி, தேர்வு மீதி.

இதற்கு உதாரணம் ஜலகண்டாபுரத்துக்கு அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. மேச்சேரி செம்மறியாடு. கம்பளி இல்லாமல் குட்டை முடியோடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு இல்லாமல், தரமான தோலுக்குப் பெயர் பெற்ற இனம். இந்தப் பகுதியின் வெயிலுக்கும் வறட்சிக்கும் தாங்கும். ஒவ்வொரு ஈட்டிலும் பிறக்கும் குட்டிகள் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். அந்த வித்தியாசம் தற்செயல். ஆனால் எந்தக் கிடாவை இனத்துக்கு வைத்துக்கொள்வது, எதைச் சந்தைக்கு ஓட்டுவது என்று ஆடு வளர்ப்பவர் முடிவு செய்வது தற்செயல் இல்லை. தலைமுறை தலைமுறையாக அப்படித் தேர்ந்தெடுத்ததில்தான் இப்படி ஒரு தனி இனம் கிடைத்தது. பொட்டனேரியில் இதற்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இயங்குகிறது.

சார்லஸ் டார்வின் 1859-ல் வெளியிட்ட "உயிரினங்களின் தோற்றம்" நூலையும் இப்படித்தான் தொடங்கினார், வளர்ப்புப் புறாக்களையும் கால்நடைகளையும் காட்டி. மனிதன் செய்யும் தேர்வை இயற்கையும் செய்கிறது என்பதுதான் அவர் வாதம். வறட்சி, நோய், எதிரி, உணவுப் போட்டி இவற்றைத் தாண்டி எது குட்டி போட்டுப் பெருகுகிறதோ அதன் தன்மை அடுத்த தலைமுறைக்குப் போகும். இதுவே இயற்கைத் தேர்வு.

ஆதாரம் எங்கே? யாராவது கண்ணால் பார்த்தார்களா?

கண்ணால் பார்க்காததை எல்லாம் நம்பக்கூடாது என்றால், போலீஸ் விசாரணையே நடக்காது. தடயம்தான் பேச வேண்டும். மனிதப் பரிணாமத்துக்குத் தடயங்கள் இரண்டு இடங்களில் கிடைக்கின்றன. ஒன்று மண்ணுக்குள், இன்னொன்று நம் உடம்புக்குள்.

மண்ணுக்குள்: 1891-ல் ஜாவா தீவில் யூஜின் டூபுவா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதி, 1974-ல் எத்தியோப்பியாவில் கிடைத்த "லூசி" என்ற சுமார் 32 லட்சம் ஆண்டுப் பழைய எலும்புக்கூடு, 1984-ல் கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியில் கிடைத்த சிறுவனின் எலும்புக்கூடு என்று பட்டியல் நீளும். லூசியின் மூளை சிம்பன்சி அளவுதான். ஆனால் இடுப்பும் முழங்காலும் அவள் இரண்டு காலில் நடந்ததைக் காட்டுகின்றன. முதலில் நடை வந்தது, பெரிய மூளை பிறகுதான் வந்தது என்று தெரிந்தது இப்படித்தான்.

உடம்புக்குள்: ஏற்காட்டு ஆரஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள வைட்டமின் சி-யை நாம் சாப்பிட்டே ஆக வேண்டும். ஆடு, மாடு, நாய்க்கு அந்தக் கவலை இல்லை, அவற்றின் உடலே தயாரித்துக்கொள்ளும். தயாரிக்கத் தேவையான மரபணு மனித உடலிலும் இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. குரங்குகளிலும் சிம்பன்சியிலும் அதே மரபணு பழுதாகவே இருக்கிறது. தேவாங்கின் கிளையில் அது இன்னும் வேலை செய்கிறது. ஒரு வகுப்பில் இருவர் சரியான விடையை ஒன்றாக எழுதினால் சந்தேகம் வராது. ஒரே தப்பை ஒரே இடத்தில் எழுதினால்? மூலம் ஒன்று என்று வாத்தியார் கண்டுபிடித்துவிடுவார். இதுவும் அப்படித்தான்.

இன்னொரு சான்று. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள், சிம்பன்சிக்கு 48. நெருங்கிய உறவு என்றால் எண்ணிக்கை ஏன் மாறியது? மனிதனின் இரண்டாம் எண் குரோமோசோமைப் பார்த்தபோது விடை கிடைத்தது. சிம்பன்சியிடம் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள் நம்மிடம் ஒட்டி ஒன்றாகியிருக்கின்றன. நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய அடையாளங்கள் நடுவில் இருக்கின்றன. துணியில் தையல் போட்ட இடம் தெரிவது போல ஒட்டிய தழும்பு தெரிகிறது. ஒப்பிடக்கூடிய பகுதிகளில் நம் டிஎன்ஏவும் சிம்பன்சியின் டிஎன்ஏவும் சுமார் 98.8 சதவீதம் ஒன்றாக இருக்கின்றன.

தமிழ்நாட்டில் ஆதிமனிதத் தடயம் இருக்கிறதா?

இருக்கிறது. அந்தக் கதையில் சேலத்துக்கும் பங்கு உண்டு.

1863 மே 30. டார்வின் நூல் வெளியாகி நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், சென்னை பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவிலும் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று உலகம் அறிந்தது அன்றிலிருந்துதான். ஃபூட் ஓய்வு பெற்ற பிறகு குடியேறிய ஊர் ஏற்காடு. அவருடைய நினைவுக்கல் இன்றும் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. குரங்கைப் பார்க்க வண்டியை நிறுத்தும் மலையிலேயே இந்தியாவின் ஆதிமனிதத் தேடலைத் தொடங்கி வைத்தவரின் கல்லும் நிற்கிறது.

அதே 1863-ல் திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. பின்னாளில் அங்கே நீண்டகால அகழாய்வு நடத்திய சாந்தி பப்பு தலைமையிலான குழு, சில கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் அறிவித்தது. அதே இடத்தில் இன்னும் நுட்பமான கருவிகள் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்டதாக 2018-ல் அறிவித்தது.

ஆனால் அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை, கல் மட்டும்தான். அதைச் செய்த கை எந்த வகை மனிதனின் கை என்பது இன்னும் திறந்த கேள்வி. நம்மைப் போன்ற ஹோமோ சேப்பியன்ஸ் எலும்புகளில் மிகப் பழையவை மொராக்கோவில் கிடைத்தவை. அவற்றின் வயதே சுமார் 3 லட்சம் ஆண்டுகள். எனவே "15 லட்சம் ஆண்டுக்கு முன்பே தமிழன் இருந்தான்" என்று பரவும் வாட்ஸ்அப் பதிவுகளுக்கு ஆதாரம் இல்லை. கருவி செய்தவர் நமக்கு முந்தைய மனித இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்தியாவில் அப்படிப்பட்ட பழைய மனித இனத்தின் மண்டையோட்டுப் பகுதி கிடைத்தது 1982-ல், மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில், நர்மதைக் கரையில். கண்டெடுத்தவர் அருண் சொனாகியா.

மனிதன் முதலில் தோன்றியது குமரிக்கண்டத்தில்தானே?

தமிழர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. இதன் வேர் ஆச்சரியமான இடத்தில் இருக்கிறது. லெமூர் என்பது மடகாஸ்கரில் வாழும், தேவாங்குக்கு உறவான விலங்கு. அதைப் போன்ற புதைபடிவங்கள் இந்தியப் பகுதியிலும் இருப்பதாகக் கருதப்பட்டதால், நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று 1864-ல் இங்கிலாந்து விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் ஊகித்தார். லெமூரின் பெயரிலேயே அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். மனிதனின் பிறப்பிடமும் அதுவாக இருக்கலாம் என்று ஜெர்மானிய அறிவியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் சொன்னார். பிறகு அது தமிழ் இலக்கியம் சொல்லும் கடல்கோள் நினைவுகளோடு சேர்ந்து குமரிக்கண்டமாக நம் மனதில் பதிந்தது.

கண்டங்களே நகர்கின்றன என்று 20-ம் நூற்றாண்டில் உறுதியான பிறகு மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியே இருந்தவை. அவை பிரிந்தபோது மனிதன் மட்டுமல்ல, குரங்கும் கிடையாது. கடல் நிலத்தை விழுங்கியது உண்மைதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பிறகு நீர் ஏறி கரையோர நிலங்கள் மூழ்கின. ஆனால் அது ஒரு கண்டம் இல்லை.

மனித வழியின் மிகப் பழைய எலும்புகள் எல்லாம் கிடைத்திருப்பது ஆப்பிரிக்காவில். அங்கிருந்து புறப்பட்ட கூட்டத்தின் தடம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் பங்கேற்ற ஆய்வில், உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்ற மரபணு அடையாளம் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவில் இருந்து கடலோரமாக வந்த ஆரம்பகால மக்களோடு தொடர்புடைய அடையாளம் அது.

விஞ்ஞானிகளே மாத்தி மாத்திப் பேசுறாங்களே?

ஆமாம், மாற்றிக்கொள்கிறார்கள். அதை மறைக்கத் தேவையில்லை.

1912-ல் இங்கிலாந்தில் "பில்ட்டவுன் மனிதன்" என்று ஒரு மண்டையோடு காட்டப்பட்டது. அது மோசடி என்று 1953-ல் அம்பலமானது. அம்பலப்படுத்தியவர்களும் விஞ்ஞானிகள்தான். இந்தியக் கதை ஒன்றும் உண்டு. சிவாலிக் மலைப்பகுதியில் கிடைத்த தாடை எலும்புக்கு 1930-களில் "ராமபிதேக்கஸ்" என்று பெயர் வைத்தார்கள். பல ஆண்டுகள் அது மனிதனின் நேரடி மூதாதை என்று பாடநூல்களில் இருந்தது. பிறகு முழுமையான முக எலும்புகள் கிடைத்தன, மரபணு ஒப்பீடும் வந்தது. அது மனித மூதாதை இல்லை, ஒராங்குட்டான் பக்கத்து உறவு என்று 1980-களில் திருத்தினார்கள்.

எந்தக் கிளை எங்கே பிரிந்தது என்பதில் விவாதம் தொடர்கிறது. கிளை பிரிந்ததா என்பதில் விவாதம் இல்லை. "வெறும் தியரிதானே" என்று சொல்வதும் சொல் குழப்பமே. பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் கோட்பாடு என்றால் பல ஆதாரங்களைச் சேர்த்து விளக்கும் சோதித்த விளக்கம். கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் ஒரு கோட்பாடுதான்.

பரிணாமம் இப்போதும் நடக்கிறதா?

நடக்கிறது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952-லேயே பதிவானது. பெற்றோர் இருவரிடம் இருந்தும் அது வந்தால் கடுமையான ரத்த நோய். ஒருவரிடம் இருந்து மட்டும் வந்தால் மலேரியாவில் இருந்து ஓரளவு பாதுகாப்பு. மலேரியா அதிகம் இருந்த இடங்களில் அந்த மரபணு நிலைத்ததற்குக் காரணம் இயற்கைத் தேர்வு. காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தினாலோ, தேவையில்லாமல் விழுங்கினாலோ மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதும் அதே விதிதான்.

பாடப்புத்தகச் சண்டை என்ன?

2018 ஜனவரியில் அப்போதைய மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்பூர்வமாகத் தவறு என்றும், குரங்கு மனிதனாக மாறியதை முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றும் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டறிக்கை வெளியிட்டு அதை மறுத்தன.

அடுத்த சர்ச்சை என்சிஇஆர்டி 10-ம் வகுப்பு அறிவியல் நூலில். "மரபுவழியும் பரிணாமமும்" என்ற பாடம் "மரபுவழி" என்று சுருங்கியது. கொரோனா காலத்துக்குப் பின் மாணவர் சுமையைக் குறைக்கவே இது, 12-ம் வகுப்பில் பரிணாமம் இருக்கிறது என்பது அந்த அமைப்பின் விளக்கம். 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்திட்டனர். அவர்கள் வாதம் எளிமையானது: 10-ம் வகுப்புக்குப் பிறகு உயிரியல் எடுக்காத மாணவர்களுக்கு 12-ம் வகுப்புப் பாடம் எப்படிப் போய்ச் சேரும்?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ம் வகுப்பு அறிவியலில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" என்று தனிப் பாடமே இருக்கிறது. ஆக, ஒரே தெருவில் இருந்து ஒரு பிள்ளை அரசுப் பள்ளிக்கும், இன்னொரு பிள்ளை சிபிஎஸ்இ பள்ளிக்கும் போனால், காமர்ஸ் எடுக்கப்போகும் இருவரில் பரிணாமத்தைப் படித்திருப்பது அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருக்கும்.

பரிணாமத்தை ஏற்றால் கடவுள் நம்பிக்கையை விட வேண்டுமா?

திராவிட இயக்க நாடக ஆசிரியர் ப.கண்ணனின் பெயரோடு சேர்ந்தே அறியப்படும் ஊர் ஜலகண்டாபுரம். பகுத்தறிவுப் பேச்சும் கோயில் திருவிழாவும் அருகருகே இருப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. உயிர்கள் எப்படி மாறின என்பதற்குத்தான் பரிணாமம் பதில் சொல்கிறது. நம்பிக்கை பற்றிய முடிவை அது யாருக்காகவும் எடுப்பதில்லை. உலகம் முழுக்க ஆத்திகரான உயிரியலாளர்களும் உண்டு, நாத்திகரான உயிரியலாளர்களும் உண்டு.

தசாவதாரமே பரிணாமத்தைத்தான் சொல்கிறது என்று சிலர் ஒப்பிடுவதுண்டு. மீன், ஆமை, பன்றி, பிறகு மனிதன் என்ற வரிசை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பரிணாமம் வரிசை இல்லை, கிளைகள். ஒப்புமை வேறு, ஆதாரம் வேறு.

இது தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

ஏணிப் படத்தை நம்பியவர்கள் மனிதர்களுக்குள்ளும் ஏணி போட்டார்கள். நிறத்தையும் மண்டையோட்டையும் அளந்து, இன்னார் மேல், இன்னார் கீழ் என்று தரம் பிரித்தார்கள். அடிமை முறைக்கும் இனவெறிக்கும் அறிவியல் சாயம் பூசப்பட்டது அப்படித்தான். இன்றைய மரபணு ஆய்வு சொல்வது நேர் எதிரானது. உலகின் எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் டிஎன்ஏ சுமார் 99.9 சதவீதம் ஒன்றுதான். இன்று உயிரோடு இருக்கும் மனிதர் அனைவரும் ஒரே இனம். பிறப்பால் மேல், கீழ் என்று சொல்வதற்கு உடம்புக்குள் எந்தச் சான்றும் இல்லை.

அடுத்த முறை மலைப்பாதையில் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டால், சிரித்துத் தட்டிக்கழிக்க வேண்டாம். "அது நம்ம தாத்தா இல்லை, ரொம்பத் தூரத்துப் பங்காளி" என்று சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும். மீதிப் பாதிக்கு, உரித்த ஆரஞ்சுச் சுளை ஒன்றைக் கையில் கொடுத்து வைட்டமின் சி கதையைத் தொடங்கலாம்.